இரும்புக் குண்டு விலகிய நாள்

ஜனவரி 12

அன்பு நாத்தனாருக்கு,

உன் அண்ணி எழுதறேன். இங்க நான் நல்லா இருக்கேன். உன் அண்ணன் நல்லா இருக்கார். அவரோட குறட்டை எங்க ரெண்டு பேரையும்விட நல்லா இருக்கு. நீ எப்படி இருக்கே? முதுகு வலி தேவலையா? புத்தகத்து மேல குனிஞ்சு குனிஞ்சு உன் முதுகு கேள்விக்குறி மாதிரி ஆயிடுச்சுன்னு சொன்னா உனக்குக் கோவம் வருது. ஆனா அந்தப் பேரை நான் சும்மா வைக்கலை. கல்யாணமாகி இந்த வீட்டுக்கு நான் வந்த அன்னிக்கு எல்லாரும் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டிருந்தாங்க. பன்னண்டு வயசுக்காரி நீ மட்டும் என் கைப்பையைப் பார்த்து, "அண்ணி, இது எப்படித் தானா மூடிக்குது?"ன்னு கேட்டே. மறுநாள் காலையில பை பிரிஞ்சு கிடந்தது. அதோட வாயில இருந்த மேக்னட் பட்டனை வெச்சுக்கிட்டு நீ உன் அண்ணன் கடையில ஆணி பொறுக்கிக்கிட்டிருந்தே. நாத்தனார்னா சண்டை போடுவாங்கன்னு பயந்து வந்தவ நான். பையைக் கொன்னவளோட என்ன சண்டை போடறதுன்னு அப்பவே விட்டுட்டேன்.

என் வேலை வழக்கம்போலத்தான். நாள் பூரா பை, பை, பை. பட்டறையில எல்லாப் பை வாயும் என் கைக்குத்தான் வருது. உன் அண்ணன் கடையில பூட்டு ரிப்பேருக்கு வந்தவங்களைவிட டீ குடிக்க வந்தவங்கதான் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வரேன். உங்க ஆராய்ச்சிக்கூடத்துல உனக்கு நிலவறையைக் கொடுத்திருக்காங்களாமே? அதுல ஊஞ்சல் கட்டி ஆட்டப்போறியாமே? உன் அண்ணன்தான் சொன்னார். இத்தனை வருஷம் படிச்சது ஊஞ்சலுக்கா? போன்ல கேட்டா "அப்புறம் சொல்றேன் அண்ணி"ன்னு வெச்சுடறே. கடிதம்னா நாலு பக்கம் எழுதறே. அதனாலதான் பேனாவை எடுத்தேன். அஞ்சாம் வகுப்போட நின்னவளுக்குப் புரியற மாதிரி எழுது. புரியலைன்னா திருப்பி அனுப்பிடுவேன்.

வேளைக்குச் சாப்பிடு.

வாயை மூடத் தெரியாத,
உன் அண்ணி


ஜனவரி 30

அன்புள்ள அண்ணிக்கு,

உங்க கடிதம் கிடைச்சது. முதுகு வலி போயிடுச்சு, இப்போ கழுத்து வலி. உங்களுக்கு மெஷின் மிதிச்சு மிதிச்சு முழங்கால் வலிக்கும்னு அண்ணன் சொன்னார், நீங்க சொல்லலை. டாக்டரைப் பாருங்க. அண்ணனோட குறட்டைக்கு என் அன்பு.

அது ஊஞ்சல் இல்லை, ஊசல். கூரையில ஒரு கொக்கி, அதுல மூணு ஆள் உயரத்துக்குக் கம்பி, நுனியில ஒரு குண்டு. இழுத்து விட்டா போய்ப் போய் வரும், அவ்வளவுதான். ஆனா பூமி சுத்தறதால, அது ஆடற தடம் கடிகார முள் மாதிரி மெதுவாத் திரும்பிக்கிட்டே இருக்கும். எவ்வளவு திரும்பணும்னு கணக்கு இருக்கு.

ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தர் சூரிய கிரகணம் நடக்கும்போது ஊசலைப் பார்த்துக்கிட்டிருந்தார். நிலா சூரியனை மறைச்ச நேரத்துல அந்தத் தடம் கணக்கை விட்டு விலகிச்சு. கிரகணம் விட்டதும் பழைய வழிக்கு வந்துடுச்சு. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் பார்த்துட்டாங்க. சிலருக்கு விலகுது, சிலருக்கு ஒண்ணுமே ஆகலை. காத்து சட்டுன்னு குளிர்றதாலன்னு சிலர் சொல்றாங்க. வேடிக்கை பார்க்கற கூட்டம் தரையை அழுத்தறதாலன்னு சிலர் சொல்றாங்க. நிச்சயமா யாருக்கும் தெரியாது.

எனக்குக் காந்தத்து மேல சந்தேகம். பூமியே ஒரு பெரிய காந்தம்தானே? ரொம்ப உயரத்துல, வெயில் படறதால மின்சாரம் ஓடற ஒரு காத்தடுக்கு இருக்கு. கிரகண நிழல் அதுமேல போகும்போது மின்சாரம் குறையும். கீழே நம்ம காந்தமும் ஒரு துளி மாறும். ஊசல்ல இரும்பு இருந்தா அந்தத் துளியை அது உணருமோன்னு பார்க்கணும். அந்தத் துளி போதவே போதாதுன்னு இங்க பல பேர் சிரிக்கிறாங்க. அதனால பக்கத்துல பக்கத்துல ரெண்டு ஊசல் தொங்கவிடறேன். ஒண்ணுல இரும்புக் குண்டு, இன்னொண்ணுல பித்தளைக் குண்டு. ஒரே எடை, ஒரே உயரம். பித்தளையைக் காந்தம் இழுக்காது. ரெண்டும் விலகினா காரணம் வேற. இரும்பு மட்டும் விலகினா பக்கத்துல காந்தம் மாறியிருக்குன்னு அர்த்தம். ரெண்டும் விலகலைன்னா என் ஆறு வருஷம் போச்சு.

மே மாசம் இந்த ஊர் தலைக்கு மேலயே முழு கிரகணம். என் ஆயுசுல இங்க இன்னொண்ணு வராது. இயக்குநர் அதுவரைக்கும்தான் நிலவறையைக் கொடுத்திருக்கார். ஒண்ணும் தெரியலைன்னா விழா நாற்காலிகளை அங்க அடுக்கிடுவாராம். "நாற்காலியில உட்காரவாவது முடியும்"னு சொன்னார்.

அண்ணி, ஒரு உதவி வேணும். காத்து படாம ரெண்டு ஊசலையும் சுத்தி ஒரு துணித்திரை தைக்கணும். கனமான துணி, தரை வரைக்கும் வரணும், ஆள் நுழைய ஒரு வாய் வேணும். அந்த வாய் இடைவெளி இல்லாம மூடணும். கொக்கி, ஜிப், ஊக்கு, இரும்புன்னு எதுவுமே கூடாது. இங்க தையல்காரங்க கிட்ட கேட்டா, "அப்புறம் எப்படிம்மா மூடறது?"ன்னு சிரிக்கிறாங்க. அளவு பின்பக்கத்துல இருக்கு.

உங்க கேள்விக்குறி


மார்ச் 5

என் கேள்விக்குறிக்கு,

நானும் உன் அண்ணனும் சுகம். முழங்கால் விஷயத்தைப் போட்டுக்கொடுத்தவருக்கு ரெண்டு நாள் டீ கிடையாதுன்னு சொல்லிட்டேன். உன் கழுத்துக்குத் தலையணையை மாத்து.

உன் கடிதத்தைப் பட்டறையில சத்தமா வாசிச்சேன். பக்கத்து மெஷின்காரி ஊசியை நிறுத்திட்டுக் கேட்டா. "ஏன்க்கா, நிழல் ஓடறதுக்கே இரும்பு அசையும்னா, என் வீட்டுக்காரர் ஏன் நான் கத்தினாலும் அசைய மாட்டேங்கறார்?"ன்னா. "அவர் பித்தளைடி"ன்னு சொன்னேன். அன்னியிலேர்ந்து பட்டறையில யார் வீட்டுக்காரர் இரும்பு, யார் பித்தளைங்கறதுதான் பேச்சு. உன் அண்ணன் எந்தக் கணக்குன்னு கேக்காதே. அவர் விலகறதும் இல்லை, ஆடறதும் இல்லை.

ஆனா ஒண்ணு சொல்றேன், கேலி இல்லை. கண்ணுக்குத் தெரியாத ஒண்ணைப் பிடிக்க, ஒண்ணுக்கு ரெண்டாத் தொங்கவிட்டு, எது ஏமாறுது எது ஏமாறலைன்னு பார்க்கணும்னு யோசிச்சே பாரு, அதை நினைச்சு நினைச்சு நான் வேலையில ரெண்டு பையைத் தலைகீழாத் தைச்சுட்டேன். இவ எங்க வீட்டுப் பொண்ணுன்னு முதலாளியம்மா கிட்ட சொன்னேன். அவங்க தலைகீழ்ப் பையைக்கூட மன்னிச்சுட்டாங்க.

திரை இந்தப் பார்சல்ல வருது. கறுப்புக் கான்வாஸ், உள்பக்கம் மெத்துன்னு இன்னொரு துணி. கொக்கி இல்லை, ஜிப் இல்லை, ஊக்கு இல்லை. முறிஞ்ச ஊசி எங்கயாவது மாட்டியிருக்கான்னு ஊசி பொறுக்கற காந்தக்கட்டையால துணி பூராத் தடவிப் பார்த்துட்டு அப்புறம்தான் ஓரம் அடிச்சேன். வாயோட ரெண்டு ஓரத்தையும் சும்மா கிட்ட கொண்டுபோ, தானா மூடிக்கும். எப்படின்னு கேக்காதே, அது தொழில் ரகசியம். வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியாது. தெரிஞ்சா நான் தையலை விட்டுடறேன்.

துணி தந்ததுக்கு முதலாளியம்மாவுக்கு ஒரு வரி எழுது.

காத்தை மறிக்கும்,
உன் அண்ணி


மார்ச் 26

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். நீங்களும் அண்ணனும் நலமா இருக்கணும். தலையணை மாத்திட்டேன், கழுத்து தேவலை.

திரை வந்துடுச்சு. பிரிச்சு மாட்டினதும் நிலவறையே வேற இடம் மாதிரி ஆயிடுச்சு. உள்ள நின்னா வெளியே நடக்கறது எதுவும் கேக்கலை. வாய் இருக்கற இடத்தையே தேடவேண்டியிருக்கு, அவ்வளவு நேர்த்தி. இயக்குநர்கூட விரலால தடவிப் பார்த்துட்டு, "இதை யார் செஞ்சது?"ன்னார். "எங்க அண்ணி"ன்னேன். ஏதோ பெரிய கம்பெனிப் பேர் சொன்ன மாதிரி தலையாட்டினார்.

தினமும் ஒத்திகை பார்க்கறேன். நான் வாயைத் திறக்கறதே இல்லை, கீழ் ஓரத்தைத் தூக்கிக் குனிஞ்சு நுழைஞ்சுடறேன். உள்ளே காத்து அசையக்கூடாதுன்னுதான். ரெண்டு குண்டும் கணக்குப்படி திரும்புது. இரும்பு இருக்கற எதுவும் கிட்ட வரக்கூடாதுன்னு ஒவ்வொண்ணாச் சோதிக்கறேன். நாற்காலி, விளக்கு, என் செருப்புல இருந்த ஆணி, லிஃப்ட்காரரோட பெல்ட் எல்லாத்தையும் வெளியேத்தியாச்சு. பாவம், அவர் ஒரு கையால பேன்ட்டைப் பிடிச்சுக்கிட்டே எனக்கு உதவி பண்றார்.

சிரிக்கிறேனே தவிர உள்ளுக்குள்ள பயமா இருக்கு அண்ணி. கிரகணத்துல முழு இருட்டு ஒரு நாலு நிமிஷம். அதுக்குத்தான் ஆறு வருஷம்.

உங்க கேள்விக்குறி


மே 9

என் தங்கத்துக்கு,

இங்க எல்லாரும் சுகம். நீ சரியாச் சாப்பிடறதில்லைன்னு எனக்குத் தெரியும், போன்ல உன் குரலே ஒல்லியா இருக்கு.

பயமா இருக்குன்னு எழுதியிருந்தே. நான் என்ன சொல்றது? எனக்குத் தெரிஞ்ச பயம், மெஷின் ஊசி விரல்ல ஏறும்னுதான். உன் பயம் வேற ஜாதி. ஊரே வானத்தை அண்ணாந்து பார்க்கறப்ப, அதைப் பார்க்காம நிலவறையில ரெண்டு குண்டைப் பார்த்துக்கிட்டு உட்கார ஒருத்தருக்கு எவ்வளவு பிடிவாதம் வேணும்! எனக்கா இருந்தா அந்த நாலு நிமிஷத்துல ஓடிப்போய் ஒரு தடவை மேலே எட்டிப் பார்த்துட்டு வந்துடுவேன். ஆறு வருஷமும் போயிடும்.

கிரகண நேரத்துக்குப் பட்டறையில எல்லா மெஷினையும் நிறுத்தப்போறோம். உனக்கும் எங்களுக்கும் எவ்வளவோ தூரம், இங்க பாதி கிரகணம்தானாம். இருந்தாலும் எங்க மெஷின் அதிர்வு உன் குண்டுக்குத் தெரியக்கூடாதுன்னு பக்கத்து மெஷின்காரிதான் சொன்னா. சொன்னப்புறம் யாருக்கும் சிரிப்பு வரலை. முதலாளியம்மாவும் சரின்னுட்டாங்க.

உன் அண்ணன் காலண்டர்ல அந்தத் தேதியைச் சுத்தி வட்டம் போட்டிருக்கார். எங்க கல்யாண நாளைச் சுத்தி ஒரு நாளும் போட்டதில்லை, இதை நீ கவனிக்கணும்.

மெஷினை நிறுத்திட்டுக் காத்திருக்கும்,
உன் அண்ணி


மே 22

அண்ணி!

எல்லாரும் நலமா? நான் ரொம்ப நலம்! அவசரமா எழுதறேன், எழுத்து கோணலா இருந்தா மன்னிச்சுக்குங்க.

விலகிச்சு. இரும்புக் குண்டு மட்டும்!

முழு இருட்டு ஆரம்பிச்ச உடனே இயக்குநர் விருந்தாளிகளைக் கூட்டிக்கிட்டுக் கீழே வந்தார். எனக்கு உயிரே போச்சு, காத்து உள்ளே வந்துடுமேன்னு. நான் எதிர்ப்பக்கம் கருவிகிட்ட இருந்தேன், எழுந்துபோய்த் தடுக்கவும் முடியலை. அவர் திரையோட வாயை விரிச்சு மடிச்சுவிட்டு எல்லாருக்கும் காட்டினார். அப்பத்தான் பார்த்தேன். இரும்புக் குண்டோட தடம் விலகுது. காந்தத்தை அளக்கற மானியும் அசையுது. பித்தளைக் குண்டு மட்டும் எதுவுமே நடக்காத மாதிரி அது பாட்டுக்குப் போகுது. காத்தா இருந்தா ரெண்டும் விலகணுமே? இருட்டு விட்டு, வாயைப் பழையபடி மூடிட்டு எல்லாரும் மேலே போனப்புறம் இரும்பும் திரும்பக் கணக்குக்கு வந்துடுச்சு.

இயக்குநர் என் ரெண்டு கையையும் பிடிச்சுக் குலுக்கினார். நாற்காலிக்கு வேற இடம் பார்க்கறாராம். மேல் மாடியில பெரிய கூடமே தர்றேன்னார். பத்திரிகைக்காரங்க வந்தாங்க. லிஃப்ட்காரர் சந்தோஷத்துல ரெண்டு கையையும் தட்டிட்டார், அப்புறம் என்ன ஆச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

உங்க திரை இல்லைன்னா இது நடந்திருக்காது, அண்ணி.

உங்க கேள்விக்குறி


ஜூன் 1

எங்க வீட்டு மகாராணிக்கு,

நாங்க சுகமாவா இருக்கோம்? மிதக்கறோம்.

உன் கடிதத்தைப் படிச்சதும் பட்டறையில எல்லாரும் சேர்ந்து மெஷினைச் சும்மா ஓட்டினோம், கைதட்டற மாதிரி. பக்கத்து மெஷின்காரி அழுதா. "ஏன்டி அழறே?"ன்னு கேட்டா, "நாங்க நிறுத்தினதும் சேர்த்திதானே அக்கா?"ன்னா. சேர்த்திதான்னு சொன்னேன். உன் சார்பா நான் சொல்லலாம்தானே?

பேப்பர்ல வந்த உன் படத்தை உன் அண்ணன் வெட்டித் தன் கடைச் சுவத்துல ஒட்டியிருக்கார். பூட்டு வாங்க வரவங்க அதை முழுசாப் படிச்சாத்தான் சாவி கொடுக்கறார். படிக்கத் தெரியாதவங்களுக்கு அவரே படிச்சுக் காட்டறார். இருபது வருஷத்துல என்கூடப் பேசினதைவிட இந்த ஒரு வாரத்துல அதிகமாப் பேசிட்டார். மூக்குக்கண்ணாடியை ஏன் அடிக்கடி துடைக்கறீங்கன்னு கேட்டா, தூசிங்கறார். பூட்டுக்கடையில எண்ணெய் இருக்கும், தூசி ஏது?

வானத்துல ஓடற நிழலை ஒரு குண்டைத் தொங்கவிட்டுப் பிடிச்சுட்டியே! அது எப்படிப்பட்ட மூளைன்னு நான் யோசிச்சா என் மூளைக்குக் கால் வலிக்குது. இனிமே உன்னை நான் கேலி பண்ணலாமா கூடாதான்னு எழுது. கூடாதுன்னாலும் பண்ணுவேன், கேட்டுவைக்கறது மரியாதை.

அடுத்த கடிதத்துல பெரிய கூடத்தோட ஜன்னல் அளவு அனுப்பு. அதுக்கும் திரை வேணுமே.

தலைகால் புரியாத,
உன் அண்ணி


ஜூலை 8

நாத்தனாருக்கு,

ஜன்னல் அளவு இன்னும் வரலை. கடிதமும் வரலை. போன் பண்ணா "வேலையா இருக்கேன் அண்ணி"ன்னு வெச்சுடறே. பெரிய ஆளாயிட்டா இப்படித்தான்னு பக்கத்து மெஷின்காரி சொல்றா. நான் அவளை அதட்டிட்டேன். உடம்புக்கு ஒண்ணுமில்லையே? அதை மட்டுமாவது ஒரு வரி எழுது.

இங்க எல்லாரும் நலம்.

அண்ணி


ஆகஸ்ட் 14

அன்புள்ள அண்ணிக்கு,

நான் நலம். எழுதாததுக்கு மன்னிக்கணும். உங்க முழங்கால் எப்படி இருக்கு? அண்ணன் கடைக்கு ஒழுங்காப் போறாரா?

ஒரு செய்தி. நான் சொன்ன முடிவு தப்பு. இரும்புக் குண்டு விலகினது கிரகணத்தால இல்லை. பக்கத்துல இருந்த ஒரு பொருள்ல காந்தம் இருந்திருக்கு, நான் அதைச் சோதிக்காம விட்டுட்டேன். முடிவைத் திரும்ப எடுத்துக்கறேன்னு போன வாரம் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டேன். பேப்பர்லயும் வரும், ஆனா சின்னதா வரும். அண்ணன் கடைச் சுவத்துல இருக்கறதை எடுத்துடச் சொல்லுங்க.

மேல் மாடிக் கூடம் இல்லைன்னு ஆயிடுச்சு. நிலவறையில நாற்காலி வந்துடுச்சு.

கவலைப்படாதீங்க. இங்க மழை நல்லாப் பெய்யுது.

உங்க கேள்விக்குறி


ஆகஸ்ட் 27

என் கேள்விக்குறிக்கு,

உன் அண்ணனும் நானும் நலம். முழங்காலுக்கு மருந்து போட்டேன். மழையைப் பத்தி எழுதிட்டே. மழையைப் பத்தி நீ எழுதினா நெஞ்சுக்குள்ள ஏதோ அடைச்சுக்கிட்டிருக்குன்னு எனக்குத் தெரியும்.

கடிதத்தை மூணு தடவை படிச்சேன். "ஒரு பொருள்"னு போட்டிருக்கே. நாற்காலின்னா நாற்காலின்னு எழுதறவ, லிஃப்ட்காரரோட பெல்ட்டைக்கூடப் பேர் சொல்லி எழுதினவ, இதை மட்டும் ஏன் பேர் சொல்லலை? மார்ச்சுல திரையைப் பத்தி அரைப் பக்கம் எழுதினே, மே மாசம் அதுக்கு நன்றி சொல்லி எழுதினே. இப்ப திரை எப்படி இருக்குன்னு ஒரு வார்த்தைகூட இல்லை.

அப்பறம் ஒரு வேலை பண்ணேன். உன் அண்ணன் கடையிலேர்ந்து இருக்கறதுலயே பெரிய இரும்புப் பூட்டை எடுத்துவந்து, வாசல் நிலையோட உச்சியில கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தரையில சுண்ணாம்புக்கட்டியால ஒரு கோடு போட்டு, அது மேலயே ஆட்டிவிட்டேன். பூட்டு கோட்டு மேலயே போச்சு, வந்துச்சு. அப்புறம் பை வாயில வெக்கற மேக்னட் பட்டனை ஒரு கைப்பிடி எடுத்து, ஒரு துணியில வரிசையா வெச்சுத் தைச்சு, கோட்டுக்கு ஒரு பக்கமா நிறுத்தினேன். கொஞ்ச நேரத்துல பூட்டு அந்தப் பக்கம் சாய்ஞ்சு சாய்ஞ்சு கோட்டை விட்டுப் போச்சு. துணியை எடுத்தேன். நேரா வந்துடுச்சு.

உன் அண்ணன் வந்து பார்த்துட்டு, "என்ன பண்ணிக்கிட்டிருக்கே?"ன்னார்.

"கிரகணம் நடத்தறேன்"னேன்.

அவரே துணியை வெச்சு, எடுத்து, ரெண்டு தடவை ஆட்டிப் பார்த்தார். அப்புறம், "அவகிட்ட கேட்டுடு"ன்னார்.

கொக்கி கூடாது, ஜிப் கூடாதுன்னு நீ எழுதினே. பட்டறையில நாங்க அந்தப் பட்டனை இரும்புக் கணக்குல சேர்க்கறதே இல்லை, அது அலங்காரக் கணக்கு. ரெண்டு துணிக்கு நடுவுல மறைச்சுவெச்சுத் தைக்கறதுதான் என் கைவேலை. நேராக் கேக்கறேன், நேராப் பதில் சொல்லு. என் திரையா?

அண்ணி


செப்டம்பர் 12

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். இனி மழையைப் பத்தி எழுதலை.

ஆமாம், அண்ணி.

ஊருக்கு வெளியே ஒரு காந்த அளவுக்கூடம் இருக்கு. கிரகணத்து அன்னிக்கு அவங்க எடுத்த அளவை ஜூன் மாசம் வாங்கிப் பார்த்தேன். அவங்களுக்கு ஒரு துளி மாறியிருந்தது, ஆனா மெதுமெதுவா ஏறி மெதுமெதுவா இறங்கியிருந்தது. என் மானி சட்டுன்னு ஏறி, அப்படியே நின்னு, சட்டுன்னு இறங்கியிருந்தது. கதவைத் திறந்து மூடின மாதிரி. வானம் அப்படிச் செய்யாதே?

அதனால கிரகணம் இல்லாத ஒரு நாள்ல, எல்லாத்தையும் அப்படியே திரும்ப நடத்தினேன். அதே விளக்கு, அதே இடம், இயக்குநருக்குப் பதிலா லிஃப்ட்காரர். எத்தனையோ தடவை ஆட்டியும் ஒண்ணுமே ஆகலை. நின்னு நின்னு அவருக்கு அலுத்துப்போச்சு. "பெரியவர் அன்னிக்கு இப்படித்தானே பண்ணார்?"னு சொல்லி, இயக்குநர் நடையை நடிச்சுக் காட்டி, திரை வாயை விரிச்சு மடிச்சுவிட்டார். வெளியே வெயில் கொளுத்துது. குண்டு விலகுது.

போய் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். மூடியிருக்கும்போது அந்தப் பட்டன்கள் தூரத்துல, ஒண்ணோட ஒண்ணு ஒட்டி சும்மா இருக்கு. மடிச்சுவிட்டா அந்த ஓரம் நேரா இரும்புக் குண்டு பக்கம் வந்துடுது. தரையில உட்கார்ந்துட்டேன். நம்பினா நம்புங்க, நம்பாட்டிப் போங்க, முதல்ல உங்க தையலைத்தான் பார்த்தேன். வெளியே ஒரு புள்ளிகூடத் தெரியலை.

இயக்குநர்கிட்ட சொன்னேன். அவர், "இது வேற யாருக்கும் தெரியாதே"ன்னார். "ஊசலுக்குத் தெரியும் சார்"னேன். கூட்டத்துல ஒருத்தர் எழுந்து, திரையை யார் தைச்சதுன்னு கேட்டார். கேட்டு வாங்கினது நான், சோதிக்காம விட்டது நான், வேற யாரும் இல்லைன்னு சொன்னேன். அது பொய் இல்லை அண்ணி. செருப்பு ஆணியைக்கூட மானி வெச்சுப் பார்த்தவ நான். திரையை மட்டும் பார்க்கலை. நீங்க தைச்சதாச்சே, அதுல என்ன பார்க்கறதுன்னு விட்டுட்டேன். "தானா மூடிக்கும்"னு நீங்க எழுதியிருந்தீங்க. அந்த வார்த்தையைப் படிச்சும் எனக்கு உறைக்கலை, சிரிச்சுக்கிட்டே மாட்டினேன்.

உங்களுக்குச் சொல்லவேண்டாம்னு நினைச்சேன். நீங்க எல்லாரும் மெஷினை நிறுத்தினீங்களே, அதை நினைச்சு நினைச்சுத்தான் கடிதம் எழுத முடியலை.

கிரகணத்துல ஊசல் நிஜமாவே விலகுமா, காந்தம்தான் காரணமான்னு கேட்டா, இன்னிக்கும் எனக்குத் தெரியாது. முக்கியமான நாலு நிமிஷம் வீணாயிடுச்சு.

ஆனா போன வாரம் ஒரு கடிதம் வந்தது. வேற நாட்டுல ஒரு புருஷன் பெண்டாட்டி, வயசானவங்க, ரொம்ப வருஷமா கிரகணத்துக்கு ஊசல் ஆட்டறவங்க. அவங்களுக்கு ரெண்டு தடவை விலகியிருக்காம். நான் முடிவைத் திரும்ப எடுத்துக்கிட்டதைப் படிச்சிருக்காங்க. அடுத்த கிரகணத்துக்கு முன்னாடி நான் வந்து அவங்க அறையில என்ன ஒளிஞ்சிருக்குன்னு தேடித்தரணுமாம். என் ரெண்டு குண்டையும் எடுத்துக்கிட்டு வரச் சொல்லியிருக்காங்க.

உங்க கேள்விக்குறி


அக்டோபர் 20

என் கேள்விக்குறிக்கு,

எல்லாரும் சுகம். உன் அண்ணன் குறட்டை திரும்ப வந்துடுச்சு, ஆகஸ்ட்டுல கொஞ்ச நாள் காணாமப் போயிருந்தது.

உன் கடிதத்தைப் படிச்சு ஒரு நாள் பூரா நான் வாயைத் திறக்கலை. பட்டறையில எனக்குக் காய்ச்சல்னு நினைச்சாங்க. மறுநாள் எல்லாரையும் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். பக்கத்து மெஷின்காரிதான் ஆரம்பிச்சா. "இருங்கக்கா. இரும்பு விலகினா பக்கத்துல காந்தம்னுதானே அவங்க முதல்லயே எழுதினாங்க?"ன்னா. ஆமான்னேன். "விலகிச்சா?"ன்னா. விலகிச்சுன்னேன். "காந்தம் இருந்துச்சா?"ன்னா.

இருந்துச்சே!

யோசிச்சுப் பாரு. முதலாளியம்மா இருபது வருஷமா என் தையலைப் புரட்டிப் புரட்டிப் பார்க்கறாங்க, பட்டன் எங்க இருக்குன்னு ஒரு தடவையும் கண்டுபிடிச்சதில்லை. உன் குண்டு தொடாமலே கண்டுபிடிச்சிடுச்சு. உன் சோதனை எங்கே தோத்தது? சூரியனைப் பிடிக்கப் போய் உன் அண்ணியைப் பிடிச்சுட்டே, அவ்வளவுதான்.

ஆனா எனக்கு மலைப்பா இருக்கறது அது இல்லை. கைதட்டல் வாங்கி, கூடம் வாங்கி, படம் பேப்பர்ல வந்தப்புறம், யாரும் கேக்காமலே ஒரு வெயில் நாள்ல நிலவறையில உட்கார்ந்து அதைத் திரும்ப ஆட்டிப் பார்த்தே பாரு, அதுதான். நான் ஒரு பையைத் தலைகீழாத் தைச்சா, யாரும் பார்க்கறதுக்குள்ள பிரிச்சிடுவேன். நீ எல்லாரையும் கூப்பிட்டு வெச்சுக்கிட்டுப் பிரிச்சிருக்கே. உன் அண்ணன் பெரிய படத்தைச் சுவத்துலேர்ந்து எடுக்கலை. சின்னதா வந்த செய்தியையும் வெட்டி, அதுக்குப் பக்கத்துலயே ஒட்டிட்டார். ரெண்டையும் படிச்சாத்தான் இப்ப சாவி கிடைக்கும்.

அந்தப் புருஷன் பெண்டாட்டி ஊருக்கு நீ எடுத்துக்கிட்டுப் போக, இந்தப் பார்சல்ல ஒரு புதுத் திரை வெச்சிருக்கேன். பட்டன் இல்லை. வாய் பூரா நாடா, நாடாவுக்கு முடிச்சு. பார்க்கறதுக்கு அழகா இல்லை, எனக்கே கொஞ்சம் வெட்கமா இருக்கு. உன் அண்ணன் ஞாயித்துக்கிழமை பூராப் பூட்டைத் தொங்கவிட்டு, திரையைத் திறந்து, மூடி, மடிச்சு, பார்த்துக்கிட்டே இருந்தார். பூட்டு கோட்டு மேலயே ஆடுது.

அதை நம்பிடாதே. எங்க ரெண்டு பேரையும் நம்பவே நம்பாதே. பார்சல் வந்ததும் மொதல்ல, பன்னண்டு வயசுல என் கைப்பையைப் பிரிச்சே பாரு, அந்த மாதிரி பிரி. ஓரத்தைத் தடவு, மானியை வை, சந்தேகம் தீரலைன்னா தையலை அறுத்துப் பாரு. திரும்பத் தைச்சுக் கொடுக்க நான் இருக்கேன்.

போற ஊர்ல குளிருமாம், கழுத்தை மூடிக்கோ.

என்னைக்கும் உன் சந்தேகத்துக்கு உரிய,
அண்ணி